தொடக்க வரியில் ஒரு சொல்: பழைய மடிக்கணினியில் லினக்ஸ் நிறுவுதல்

2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்திக்கொண்டது. வீட்டுப் பயனாளர்களுக்கு அறிவித்த பாதுகாப்பு நீட்டிப்பும் 2026 அக்டோபர் 13 வரைதான். விண்டோஸ் 11க்குப் போகலாம் என்றால் டிபிஎம் 2.0 வேண்டும், செக்யூர் பூட் வேண்டும், இன்டெல் செயலி என்றால் பெரும்பாலும் 8ஆம் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ வேண்டும். கிழக்கு லண்டனின் பார்க்கிங் பகுதியில் ரிப்பிள் ரோட்டை ஒட்டிய வரிசை வீடுகளிலும் ரிவர்சைடு அடுக்குமாடிகளிலும் அலமாரிக்கு மேலே கிடக்கும் மடிக்கணினிகளில் பல இந்தக் கணக்கில் தேறாது. அண்ணன் பல்கலைக்கழகத்துக்கு வாங்கியது, தங்கை அதிலேயே ஜிசிஎஸ்இக்குப் படித்தது, இப்போது அம்மா கோயில் நேரலையும் ஊர்ச் செய்தியும் பார்ப்பது. திரை நன்றாக இருக்கும், விசைப்பலகை நன்றாக இருக்கும், வட்டும் நன்றாக இருக்கும். அதை டாகன்ஹாமில் ஃபிரிஸ்லண்ட்ஸ் லேன் மறுசுழற்சி மையத்துக்குத் தூக்கிக்கொண்டு போவதற்கு முன் இந்த அத்தியாயத்தைப் படியுங்கள்.

பென் டிரைவில் உபுண்டுவையோ லினக்ஸ் மின்ட்டையோ எழுதிவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். பெரும்பாலான கணினிகளில் அதைச் செருகித் தொடங்கினால் போதும், நிறுவல் தானாக நடந்துவிடும். இந்த அத்தியாயம் மீதிக் கணினிகளுக்கு: திரை கறுத்துப்போவது, பாதியில் உறைவது, விசைப்பலகை செத்துக்கிடப்பது. இவற்றில் பெரும்பாலானவை தொடக்க வரி ஒன்றில் ஒரே ஒரு சொல் சேர்த்தால் தீர்ந்துவிடும். நல்ல கணினி ஒன்று குப்பைக்குப் போவதற்கும் இன்னும் ஐந்து வருடம் உழைப்பதற்கும் நடுவே நிற்பது அந்த ஒரு சொல்தான் என்பதால் இதை விரிவாகவே எழுதுகிறேன்.

கட்டளைகளை இங்கே ஒலிப்பில் தருகிறேன். திரையில் ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் அடிக்க வேண்டும். பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் லினக்ஸுக்கு வேறு வேறு. முக்கியமான சொற்களை எழுத்தெழுத்தாகப் பிரித்திருக்கிறேன். தமிழில் எழுதும்போது பியும் பியும் குழம்பும், டியும் டியும் குழம்பும். ஆகவே தொலைபேசியில் நாம் சொல்வதுபோலவே பேங்கின் பி, பேப்பரின் பி, டாக்டரின் டி, டேபிளின் டி என்று எழுதுகிறேன். ஈஸ்ட்ஹாமில் இருக்கும் தங்கைக்கோ ஊரில் இருக்கும் மாமாவுக்கோ போனில் சொல்லிக்கொடுக்கும்போது இப்படியே வாசித்துக்காட்டலாம்.

விண்டோஸை விட்டு வெளியேறும் முன்

விண்டோஸை முழுக்க அழித்துவிடப் போகிறீர்கள் என்றால் படங்களையும் கோப்புகளையும் வேறு இடத்தில் சேமித்துக்கொண்டு இந்தப் பகுதியைத் தாண்டிப் போகலாம். இரண்டையும் ஒரே வட்டில் வைத்துக்கொள்ள நினைப்பவர்கள் பவர்ஷெல்லை நிர்வாகி உரிமையோடு திறந்து மூன்று காரியம் செய்ய வேண்டும்.

முதலில் வட்டு பூட்டப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். மேனேஜ், சிறுகோடு, பேங்கின் பி, டாக்டரின் டி, இ, இடைவெளி, சிறுகோடு, ஸ்டேட்டஸ். பிட்லாக்கர் இயங்குகிறது என்று பதில் வந்தால் 48 இலக்க மீட்புச் சாவியை உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கிலிருந்து எடுத்துத் தாளில் எழுதி வைக்கும்வரை வேறெதிலும் கை வைக்காதீர்கள். பயாஸில் செக்யூர் பூட்டை மாற்றியதும் விண்டோஸ் அந்தச் சாவியைக் கேட்கும். அப்போது தேடத் தொடங்கினால் தாமதம். கணக்கின் கடவுச்சொல்லும் மறந்துபோயிருந்தால் படங்கள் எல்லாம் போனதுதான்.

அடுத்தது விரைவுத் தொடக்கத்தை நிறுத்துவது. பவர் என்ற சொல்லோடு சி, எஃப், ஜி என்ற மூன்று எழுத்துகளையும் ஒட்டி அடித்து, இடைவெளி, சாய்கோடு, எச், இடைவெளி, ஆஃப். இதைச் செய்யாவிட்டால் விண்டோஸ் முழுதாக மூடாமல் அரைத்தூக்கத்தில் கிடக்கும். லினக்ஸ் அந்த வட்டுப் பகுதியில் எழுத மறுக்கும்.

மூன்றாவது பயாஸுக்குள் நுழைவது. எஃப் 2வா, எஃப் 12வா, டெலீட்டா என்று ஒவ்வொரு விசையாக அழுத்திப் பார்க்கத் தேவையில்லை. ஷட்டவுன், இடைவெளி, சாய்கோடு ஆர், இடைவெளி, சாய்கோடு எஃப் டபிள்யூ, இடைவெளி, சாய்கோடு டேபிளின் டி, இடைவெளி, 0. கணினி அணைந்து நேரே பயாஸ் திரையில் போய் நிற்கும். மிகப் பழைய கணினிகளில் மட்டும் இந்தக் கட்டளை வேலை செய்யாது.

2020-21 முடக்கக் காலத்தில் கல்வித் துறை இங்கிலாந்துப் பள்ளிகள் வழியாகப் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட மடிக்கணினிகளையும் டேப்லெட்டுகளையும் கொடுத்தது. அவற்றில் ஒன்று உங்கள் வீட்டில் இருந்தால் பயாஸுக்கே கடவுச்சொல் போட்டிருக்கலாம். அதை உடைக்க வழி தேடாதீர்கள். கணினி இனி யாருடையது என்று பள்ளியில் கேளுங்கள், உங்களுடையது என்றால் பூட்டை எடுத்துத் தரச் சொல்லுங்கள்.

அந்த வரி எங்கே இருக்கிறது

பென் டிரைவிலிருந்து தொடங்கியதும் கறுப்புப் பின்னணியில் ஒரு பட்டியல் வரும். அதன் பெயர் க்ரப். 2011இல் தொடங்கிய தமிழ்நாடு அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் படித்து வந்தவர்கள் இப்படி ஒன்றைப் பார்த்திருப்பார்கள். அந்தக் கணினிகளில் விண்டோஸோடு, சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. இரண்டில் எது வேண்டும் என்று தொடக்கத்திலேயே ஒரு பட்டியல் கேட்கும்.

உபுண்டுவின் பட்டியலில் முதல் வரி முயன்று பார்க்கவோ நிறுவவோ. இரண்டாவது பாதுகாப்பான வரைகலை. கீழே நொடிகள் குறைந்துகொண்டே வரும். உடனே கீழ் அம்பை ஒரு தடவை அழுத்துங்கள், எண்ணிக்கை நின்றுவிடும். மேல் அம்பால் முதல் வரிக்கே திரும்பி, இ என்ற எழுத்தை அழுத்துங்கள். இப்போது ஒரு சிறிய எழுத்துத் திருத்தி திறக்கும். நான்கைந்து வரிகள் இருக்கும். அவற்றில் லினக்ஸ் என்ற சொல்லில் தொடங்கும் வரி ஒன்று. அதுதான் நமக்கு வேண்டியது. லினக்ஸ், பிறகு சாய்கோட்டோடு காஸ்பர் என்ற அடைவின் பெயர், வி எம் லினஸ் என்று முடியும் கெர்னல் கோப்பின் பெயர், அதன்பின் மூன்று சிறுகோடுகள், கடைசியில் கொயட், ஸ்பிளாஷ் என்று இரண்டு சொற்கள். லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் விழித்தெழும்போது முதன்முதலில் வாசிப்பது இந்த வரியைத்தான். மின்ட்டில் இதே வரி இன்னும் நீளம், கோடுகளும் வேறு மாதிரி இருக்கும். வரி திரையைத் தாண்டி மடியும்போது வலது ஓரத்தில் ஒரு பின்சாய்கோடு தெரியும். வரி தொடர்கிறது என்பதற்கான அடையாளம் அது, அதை அழிக்க முயல வேண்டாம்.

எண்ட் விசையை அழுத்தினால் வரியின் கடைசிக்குப் போகலாம். அங்கே ஓர் இடைவெளி விட்டுச் சொல்லைச் சேர்த்து, எஃப் 10 அல்லது கண்ட்ரோலும் எக்ஸும். கணினி அந்தச் சொல்லோடு தொடங்கும். சில மடிக்கணினிகளில் எஃப் 10க்கு எஃப்என் விசையும் சேர்த்துப் பிடிக்க வேண்டும். மனம் மாறிவிட்டால் எஸ்கேப். இங்கே செய்யும் மாற்றம் அந்த ஒரு தடவைக்கு மட்டும்தான். பென் டிரைவிலும் எழுதப்படாது, நிறுவலை நடத்தாதவரை வட்டிலும் எழுதப்படாது. ஆகவே பயமின்றிச் சோதித்துப் பார்க்கலாம்.

முதல் சோதனை எதையும் சேர்ப்பதில்லை, எடுப்பதுதான். கொயட், ஸ்பிளாஷ் இரண்டையும் அழித்துவிட்டுத் தொடங்குங்கள். அழகான சின்னத்துக்குப் பதிலாகக் கெர்னல் என்ன செய்கிறது என்பது வரிவரியாக ஓடும். உறைந்து நின்றால் கடைசிப் பத்து வரிகளைக் கைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். உதவி கேட்பவர்களில் பெரும்பாலானோர் "வேலை செய்யவில்லை" என்றுதான் சொல்கிறார்கள். அந்த ஒரு படத்தை அனுப்பினால் தெரிந்தவர் ஒருவர் ஐந்து நிமிடத்தில் பதில் சொல்லிவிடுவார். லண்டனில் தொடங்கிய ரீஸ்டார்ட் ப்ராஜெக்ட் போன்ற தொண்டமைப்புகளின் பழுதுபார்க்கும் கூட்டங்களுக்குப் போனாலும் அந்தப் படத்தோடு போங்கள்.

க்ரப்புக்குப் பிரிட்டிஷ் விசைப்பலகை தெரியாது

இங்கே விற்கும் மடிக்கணினிகளில் 3க்கு மேல் பவுண்டு குறி இருக்கும். க்ரப் அதைப் பொருட்படுத்துவதில்லை. எல்லா விசைப்பலகையையும் அமெரிக்க விசைப்பலகை என்றே எடுத்துக்கொள்ளும். நல்லவேளையாக நமக்கு அதிகம் தேவைப்படும் சமக்குறி, சிறுகோடு, அடிக்கோடு, புள்ளி, சாய்கோடு எல்லாம் இரண்டிலும் ஒரே இடத்தில்தான். இடம் மாறுவது இரட்டை மேற்கோளும் அட் குறியும். ஷிஃப்டும் 2ம் அழுத்தினால் மேற்கோள் வர வேண்டிய இடத்தில் அட் வரும். ஹேஷ், பின்சாய்கோடு, அலைக்கோடு ஆகியவையும் நகர்ந்துவிடும்.

இது தொடக்க வரியோடு முடிகிற விஷயமாக இருந்தால் இவ்வளவு சொல்ல மாட்டேன். நிறுவலின்போது விசைப்பலகைப் பக்கத்தைக் கவனிக்காமல் அமெரிக்க அமைப்போடு தாண்டிப்போய், அட் குறி வைத்து ஒரு கடவுச்சொல்லைக் கொடுத்துவிட்டால், பிறகு பிரிட்டிஷ் அமைப்புக்கு மாறியதும் அதே விசைகள் வேறு சொல்லைத் தரும். வீடே சேர்ந்து கடவுச்சொல்லை மறந்துவிட்டதாக நினைத்துக்கொண்டு திரும்ப நிறுவும். ஆகவே விசைப்பலகைப் பக்கத்தில் பிரிட்டிஷ் ஆங்கிலத்தைத் தேர்ந்தெடுத்து, கீழே உள்ள சோதனைப் பெட்டியில் ஷிஃப்டும் 3ம் அழுத்திப் பவுண்டு குறி வருகிறதா என்று பார்த்துவிட்டே நகருங்கள். முதல் கடவுச்சொல்லில் எழுத்தும் எண்ணும் மட்டும் இருக்கட்டும். குறிகளைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம். என்விடியா டிரைவர் போட்டபின் செக்யூர் பூட்டுக்காக நீலத் திரையில் ஒரு கடவுச்சொல் கேட்கும் கட்டம் உண்டு. அங்கேயும் இந்தத் தொல்லை வரும் என்பதால் அதற்கும் இதே விதி.

இன்னொரு லினக்ஸ் வகையான டெபியனின் நிறுவியில் விசைப்பலகையைத் தொடக்க வரியிலேயே சொல்லிவிடலாம். கீமேப், சமக்குறி, ஜி, பேங்கின் பி. யூ, கே என்று எழுதத் தோன்றும். மொழிக் குறியீட்டில் அது உக்ரைனிய மொழிக்கு உரியது.

கறுப்புத் திரை

அதிகம் வரும் அழைப்பு இதுதான். உரையாடல் ஏறக்குறைய எப்போதும் ஒரே மாதிரி இருக்கும்.

"ஒண்டும் தெரியேல்ல தம்பி, முழுக்கக் கறுப்பு."

"மூலையில ஏதும் மின்னுதோ அக்கா?"

"சின்னக் கோடு ஒண்டு மின்னுது. காத்தாடிச் சத்தமும் கேக்குது."

"அப்ப மெஷின் நல்லாத்தான் இருக்கு. பவர் பட்டனை ஒரு பத்து நொடி அமத்திப் பிடியுங்கோ. திரும்பத் தொடக்கி, கறுப்புப் பட்டியல் வந்தவுடன சொல்லுங்கோ."

நடந்தது இது. கெர்னல் எழுந்ததும் திரையின் அளவையும் தெளிவையும் தானே அமைக்கப் பார்க்கிறது. அதற்கு வரைகலைச் சில்லின் டிரைவர் வேண்டும். பழைய என்விடியா சில்லுகளுக்கு லினக்ஸில் இயல்பாக வரும் டிரைவர் நூவோ. சில சில்லுகளோடு அது ஒத்துப்போவதில்லை. திரை அணைந்துவிடும், உள்ளே எல்லாம் ஓடிக்கொண்டிருக்கும். கெர்னலிடம் திரையின் அமைப்பில் கை வைக்காதே, பயாஸ் கொடுத்ததையே வைத்துக்கொள் என்று சொல்லும் சொல் நோமோட்செட். என், ஓ, எம், ஓ, டாக்டரின் டி, இ, எஸ், இ, டேபிளின் டி. ஒன்பது எழுத்து, நடுவே இடைவெளி இல்லை. உபுண்டு பட்டியலில் பாதுகாப்பான வரைகலை என்ற இரண்டாவது வரி செய்வதும் இதையேதான்.

இந்தச் சொல்லோடு திரை வந்துவிட்டால் நிறுவலை முடித்துவிடலாம். ஆனால் இதை நிரந்தரமாக விட்டுவைக்கக் கூடாது. தெளிவு குறைந்திருக்கும், காணொளி தடுமாறும், திரையின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்க முடியாது, எச்டிஎம்ஐ வழியாகத் தொலைக்காட்சியில் இணைத்தால் படம் வராமலும் போகலாம். "லினக்ஸ் மெதுவாக இருக்கிறது" என்று சொல்பவர்களின் கணினியைத் திறந்து பார்த்தால் யாரோ இந்தச் சொல்லைச் சேர்த்துவிட்டு அப்படியே போயிருப்பார்கள். நிறுவியதும் உபுண்டுவில் முனையத்தைத் திறந்து சூடோ, இடைவெளி, உபுண்டு, சிறுகோடு, டிரைவர்ஸ், இடைவெளி, இன்ஸ்டால் என்று அடியுங்கள். மின்ட்டில் டிரைவர் மேலாளர் என்ற செயலி இருக்கிறது. உரிய டிரைவர் வந்தபின் நோமோட்செட்டை எடுத்துவிட்டுத் தொடங்கிப் பாருங்கள்.

இரண்டு வரைகலைச் சில்லுகள் உள்ள மடிக்கணினிகளில் இதைவிடக் குறுகலான சொல் ஒன்று நல்ல பலன் தரும். நூவோ, புள்ளி, மோட்செட், சமக்குறி, 0. நூவோவின் எழுத்துகள் என், ஓ, யூ, வி, இ, ஏ, யூ. இது என்விடியாவின் டிரைவரை மட்டும் நிறுத்தும். இன்டெல் சில்லு முழுத் தெளிவோடு இயங்கும். எனக்குத் தெரிந்து இந்த வகைக் கணினிகளில் முதலில் இதைத்தான் முயல வேண்டும், நோமோட்செட்டை அடுத்ததாக.

குறுகலான சொல்லைத் தேடுங்கள்

தொடக்க வரியில் நாம் சேர்க்கும் பெரும்பாலான சொற்கள் ஏதோ ஒன்றை அணைக்கின்றன. எதை அணைக்கிறோம் என்று தெரியாமல் அணைப்பதுதான் ஆபத்து. யாரோ எங்கோ எழுதிய ஐந்தாறு சொற்களை மொத்தமாக வரியில் கொட்டிவிட்டு, கணினி தொடங்கியதும் நிம்மதி அடைகிறார்கள். எந்தச் சொல் வேலை செய்தது என்று பிறகு யாருக்கும் தெரியாது. மின்ட்டின் பட்டியலில் உள்ள ஒத்திசைவு முறையும் பலவற்றை ஒரே நேரத்தில் அணைப்பதுதான். கணினி உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க அது நல்லது, அதிலேயே குடியிருக்க நல்லதல்ல. ஒரு தடவைக்கு ஒரு சொல். பலித்ததா, தாளில் குறித்துக்கொள்ளுங்கள். பலிக்கவில்லையா, அதை எடுத்துவிட்டு அடுத்தது.

இதில் மிக மோசமான பழக்கம் ஏசிபிஐ, சமக்குறி, ஆஃப். மின்சாரம், வெப்பம், மின்கலம், விசிறி ஆகியவற்றைக் கெர்னல் அறிந்துகொள்வதே ஏசிபிஐ வழியாகத்தான். அதை அணைத்தால் மின்கலம் எவ்வளவு மிச்சம் என்று தெரியாது, கணினி தானாக அணையாது, செயலியின் எல்லாக் கருக்களும் இயங்காமல் போகலாம், விசிறி சரியாகச் சுற்றும் என்பதற்கும் உத்தரவாதம் இல்லை. மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துவது என்பார்களே, அதுதான். இந்தச் சொல்லால் கணினி தொடங்குகிறது என்றால் சிக்கல் மின் மேலாண்மைப் பக்கம் இருக்கிறது என்று தெரிந்துகொண்டீர்கள், அவ்வளவே. அடுத்த வேலை உற்பத்தியாளரின் தளத்தில் புதிய பயாஸ் இருக்கிறதா என்று பார்ப்பது. பல நேரம் அதிலேயே தீர்ந்துவிடும்.

குறுகலான சொல்லுக்கு இன்னும் இரண்டு எடுத்துக்காட்டுகள். தொடங்கும்போது பிசிஐஇ பிழை, திருத்தப்பட்டது என்ற செய்தி ஆயிரக்கணக்கில் ஓடி, பதிவுக் கோப்புகள் வட்டையே நிரப்பிவிடும் கணினிகள் உண்டு. அதற்குப் பிசிஐ, சமக்குறி, என், ஓ, ஏ, இ, ஆர். உள்விசைப்பலகையோ தொடுபலகையோ இறந்துகிடந்தால் ஐ என்ற எழுத்தோடு 8042 என்ற எண்ணை ஒட்டி, புள்ளி, ரீசெட். 8042 என்பது விசைப்பலகையைக் கட்டுப்படுத்தும் பழைய இன்டெல் சில்லின் எண். அந்தச் சில்லின் காலம் போய்விட்டாலும் அதன் பெயர் கெர்னலில் இன்னும் வாழ்கிறது.

2014, 2015 வாக்கில் மலிவாக விற்ற சிறிய மடிக்கணினிகளைத் தனியாகச் சொல்ல வேண்டும். எச்பி ஸ்ட்ரீம் 11 போன்றவை: செலரான் என்2840 செயலி, 2 ஜிபி நினைவகம், 32 ஜிபி சேமிப்பு. விண்டோஸின் பெரிய புதுப்பிப்புக்கே இடம் போதாமல் திணறியவை. பே டிரெயில் என்ற அந்தச் செயலிக் குடும்பம் லினக்ஸில் திடீரென உறைந்துபோகும் என்பது பல ஆண்டுகள் பேசப்பட்ட சிக்கல். செயலி ஆழ்ந்த உறக்கத்துக்குப் போய்விட்டு எழ மறுக்கும். இன்டெல், அடிக்கோடு, ஐடில், புள்ளி, மேக்ஸ், அடிக்கோடு, சிஸ்டேட், சமக்குறி, 1 என்று எழுதினால் ஆழ்ந்த உறக்கம் தடுக்கப்படும். சிஸ்டேட் என்பது சி என்ற எழுத்தோடு ஸ்டேட் ஒட்டி, ஒரே சொல். மின்கலம் கொஞ்சம் சீக்கிரம் தீரும். வீட்டில் செருகியே வைத்திருக்கும் கணினிக்கு அது பெரிய இழப்பில்லை. இந்த அளவு நினைவகத்துக்கு உபுண்டு வேண்டாம். மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பையோ லுபுண்டுவையோ போடுங்கள், ஒரே நேரத்தில் இரண்டு மூன்று பக்கங்களுக்கு மேல் திறக்காமல் இருந்தால் சமாளிக்கும்.

சொல் சரியாகப் போய்ச்சேர்ந்ததா என்று எப்படி அறிவது? கெர்னல் தனக்குப் புரியாத சொல்லைக் கண்டால் நின்று கேட்பதில்லை, தாண்டிப் போய்விடும். நோமோட்செட்டில் ஓர் எழுத்து விட்டுப்போனால் பழையபடி கறுப்புத் திரைதான், காரணம் தெரியாது. கணினி தொடங்கிய பிறகு முனையத்தில் கேட், இடைவெளி, சாய்கோடு, பிராக், சாய்கோடு, சிஎம்டிலைன் என்று அடித்தால் கெர்னல் பெற்றுக்கொண்ட வரி அப்படியே தெரியும். பிராக் என்பது பேப்பரின் பி, ஆர், ஓ, சி. சிஎம்டிலைன் என்பது சி, எம், டாக்டரின் டி என்ற எழுத்துகளோடு லைன். சரிபார்க்க இதைவிட எளிய வழி கிடையாது.

விண்டோஸ் 11இன் தகுதிச் சோதனையையும் நிறுவல் கட்டளையில் ஒரு சொல் சேர்த்து ஏமாற்றலாமே என்று கேட்பவர்கள் உண்டு. அப்படிப்பட்ட வழிகள் இருக்கின்றன. ஆனால் தகுதியில்லாத கணினிக்குப் புதுப்பிப்பு கிடைக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை என்று மைக்ரோசாஃப்டே சொல்லியிருக்கிறது. 24எச்2 பதிப்பு வந்தபோது மிகப் பழைய செயலிகளில் அது தொடங்கவே மறுத்தது. அம்மா வங்கிக் கணக்குப் பார்க்கும் கணினியை அந்த நிலையில் வைக்க நான் சம்மதிக்க மாட்டேன்.

மூன்று கோடுகளுக்கு இடமும் வலமும்

உபுண்டுவின் தொடக்க வரியில் உள்ள மூன்று சிறுகோடுகளைப் பலர் அலங்காரம் என்று நினைக்கிறார்கள். கோடுகளுக்கு இடப்பக்கம் எழுதும் சொல் இந்த நிறுவலுக்கு மட்டும். வலப்பக்கம் எழுதும் சொல்லை நிறுவி, புதிதாக நிறுவப்படும் கணினியின் தொடக்க வரியிலும் எழுதி வைத்துவிடும். டெபியனிலும் இதே வழக்கம்.

நோமோட்செட்டை இடப்பக்கம் எழுதி நிறுவலை முடித்தால், பென் டிரைவை எடுத்துவிட்டு முதல் தடவை தொடங்கும்போது மறுபடி கறுப்புத் திரை. நிறுவல் தோற்றுவிட்டது என்று எண்ணி மறுபடி முதலிலிருந்து தொடங்குவார்கள். நிறுவல் தோற்கவில்லை, சொல்தான் கூடவே வரவில்லை. ஆகவே முதல் தொடக்கத்துக்கும் தேவைப்படும் சொல்லை வலப்பக்கம் எழுதுங்கள். மறந்துவிட்டால் கணினி தொடங்கும்போது எஸ்கேப் விசையை ஒருமுறை தட்டினால் க்ரப் பட்டியல் வரும். பழைய பயாஸ் கணினிகளில் ஷிஃப்டைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். எஸ்கேப்பைப் பலமுறை தட்டிவிட்டால் பட்டியலுக்குப் பதிலாக க்ரப் என்ற சொல்லோடு ஒரு வெற்று வரி வந்து நிற்கும். நார்மல் என்று அடித்து என்டர் தட்டினால் பழைய பாதைக்குத் திரும்பிவிடும்.

ஒரு சொல் நிரந்தரமாகத் தேவை என்று முடிவானால் அதைக் கோப்பில் எழுதுங்கள். முனையத்தில் சூடோ, இடைவெளி, நானோ, இடைவெளி, பிறகு சாய்கோடு இ டி சி, சாய்கோடு டிஃபால்ட், சாய்கோடு க்ரப். இங்கே டி டேபிளுடையது. திறக்கும் கோப்பில் பெரிய எழுத்துகளில் க்ரப் சிஎம்டிலைன் லினக்ஸ் டிஃபால்ட் என்று ஒரு வரி, மேற்கோள் குறிகளுக்குள் கொயட் ஸ்பிளாஷ். அந்த மேற்கோளுக்குள்ளேயே, ஓர் இடைவெளி விட்டு, உங்கள் சொல். கண்ட்ரோலும் ஓவும் அழுத்தி என்டர், பிறகு கண்ட்ரோலும் எக்ஸும். கடைசியாகச் சூடோ, இடைவெளி, அப்டேட், சிறுகோடு, க்ரப். இந்தக் கடைசிக் கட்டளை இல்லாமல் முன்னால் செய்தது எதுவும் நடைமுறைக்கு வராது.

சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கு யாராவது பத்துக் கணினி நன்கொடை தந்தால் என்ன செய்வது என்ற கேள்விக்கும் பதில் இந்த வரியில்தான். விடைகளை எல்லாம் ஒரு கோப்பில் எழுதிவைத்து, ஆட்டோஇன்ஸ்டால் என்ற சொல்லை வரியில் சேர்த்தால், உபுண்டு ஒரு கேள்வியும் கேட்காமல் நிறுவிக்கொள்ளும். கோப்பு மட்டும் இருந்து அந்தச் சொல் இல்லையென்றால் தொடரலாமா என்று ஒருமுறை கேட்டு நிற்கும். வட்டை அழிக்க நீங்கள் முன்கூட்டியே கொடுக்கும் சம்மதம் அந்தச் சொல். ஆகவே அந்தப் பென் டிரைவின் மேல் பெரிதாக எழுதி ஒட்டி, பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள். நிறுவாமல் பத்துக் கணினியையும் சோதிக்க மட்டும் வேண்டுமென்றால் டேபிளின் டி, ஓ, ஆர், ஏ, எம். முழு அமைப்பும் நினைவகத்துக்கு ஏறிவிடும், பென் டிரைவைப் பிடுங்கி அடுத்த கணினியில் செருகலாம். இதற்கு 8 ஜிபி நினைவகமாவது இருக்க வேண்டும்.

தமிழில் நிறுவலாமா

நிறுவலாம். டெபியன் நிறுவி தமிழில் பேசும். ஆனால் வரைகலை நிறுவியில் மட்டும். எழுத்துமுறை நிறுவியின் மொழிப் பட்டியலில் தமிழைத் தேடினால் கிடைக்காது, ஏனென்றால் அந்தத் திரையால் கொம்பையும் காலையும் எழுத்தோடு சேர்த்து வரைய முடியாது.

என்றாலும் நான் பரிந்துரைப்பது இது: பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் நிறுவுங்கள், பிறகு அம்மாவின் கணக்கை மட்டும் தமிழுக்கு மாற்றுங்கள். தமிழில் நுழைந்த முதல் தடவை, அடைவுகளின் பெயர்களையும் தமிழாக்கலாமா என்று கணினி கேட்கும். பழைய பெயர்களையே வைத்துக்கொள் என்று சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் பிறகு யாராவது முனையத்தில் ஓர் அடைவுக்குள் போக அதன் பெயரைத் தமிழில் அடிக்க வேண்டியிருக்கும். பட்டியல்களும் செய்திகளும் தமிழில் வருவதற்கு அதனால் ஒரு குறையும் இல்லை.

தட்டச்சுக்குச் சூடோ, இடைவெளி, ஏ, பேப்பரின் பி, டேபிளின் டி, இடைவெளி, இன்ஸ்டால், இடைவெளி, ஐபஸ், சிறுகோடு, எம் 17 என். இதில் தமிழ்99 இருக்கிறது, ஆங்கில ஒலிப்பு முறை இருக்கிறது, இலங்கையில் தட்டச்சு படித்தவர்களுக்குப் பழகிய ரெங்கநாதன் அமைப்பும் இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் அலுவலகத் தட்டச்சு செய்த அப்பாவுக்கு ஒலிப்பு முறையைக் கற்றுக்கொடுக்க மல்லுக்கட்டாதீர்கள். அவர் விரலுக்குத் தெரிந்ததைப் போட்டுக்கொடுங்கள், அன்று மாலையே கடிதம் எழுதத் தொடங்கிவிடுவார்.

கோடையில் மட்டும் தவறும் கடிகாரம்

விண்டோஸும் லினக்ஸும் ஒரே கணினியில் இருந்தால் கடிகாரம் ஒரு மணி நேரம் முன்பின்னாகும். கணினியின் உள்கடிகாரத்தில் விண்டோஸ் உள்ளூர் நேரத்தை எழுதும், லினக்ஸ் உலகப் பொது நேரத்தை எழுதும். இந்தியாவில் நிறுவினால் ஐந்தரை மணி நேரம் தவறி அன்றே தெரிந்துவிடும். இங்கே குளிர்காலத்தில் இரண்டும் ஒரே நேரம் என்பதால் நவம்பரில் நிறுவியவர்களுக்கு எல்லாம் சரியாகவே தோன்றும். மார்ச் கடைசி ஞாயிறு கடிகாரம் மாறியபின் சிக்கல் தலைகாட்டும், அக்டோபர் கடைசி ஞாயிறு தானாக மறையும். மின்கலம் போய்விட்டது என்று கடைக்கு எடுத்துக்கொண்டு போக வேண்டாம். லினக்ஸ் முனையத்தில் டைம்டேட்சிடிஎல், இடைவெளி, செட், சிறுகோடு, லோக்கல், சிறுகோடு, ஆர்டிசி, இடைவெளி, 1. டைம்டேட்டுக்குப் பின் சி, டேபிளின் டி, எல் மூன்றையும் ஒட்டியே அடிக்க வேண்டும். லினக்ஸும் உள்ளூர் நேரத்துக்கு மாறிவிடும். இது சிறந்த அமைப்பில்லை என்று அதே கட்டளையின் நிலை அறிக்கை எச்சரிக்கை காட்டும். விண்டோஸை அடியோடு எடுத்துவிடும் நாளில் 1க்குப் பதில் 0 போட்டுப் பழைய முறைக்குத் திருப்பிக்கொள்ளுங்கள்.